சாளுவன்குப்பம்: அப்பா கண்ணுல ஒரு செங்கல் கோயில்

மகாபலிபுரத்துக்கு எத்தனை வாட்டி போயிருப்பேன்னு கணக்கே இல்ல, ஆனா அதுக்கு அஞ்சாறு கிலோமீட்டர் முன்னாடியே, ஈசிஆர்ல சாளுவன்குப்பத்துல, புலிக்குகை ஸ்டாப்புல இறங்கி கொஞ்சம் நடந்தா சங்க காலத்து முருகன் கோயில் ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சது இந்த வருஷம்தான். தெரிஞ்ச உடனே அப்பாவ கூட்டிட்டு போகணும்னு தோணிடுச்சு. அவரு கொத்தனாரா ஆரம்பிச்சு மேஸ்திரியா முப்பது வருஷம் இந்த ஊர்ல வீடு கட்டுனவரு.

திருவான்மியூர்ல காலையில பஸ் ஏறி, வழியில டீ குடிச்சுட்டு ஒம்பது மணிக்கெல்லாம் போயிட்டோம். புலிக்குகைகிட்ட நல்ல கூட்டம், அந்த யாளித் தலைங்க முன்னாடி எல்லாரும் போட்டோ எடுத்துட்டு அப்படியே திரும்பிடறாங்க. இன்னும் கொஞ்சம் வடக்கால வந்தா கோயில பாத்துடலாமேன்னு எனக்கு மனசு கேக்கல.

2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை சுனாமி வந்தப்ப எனக்கு பத்து வயசு, அப்பா என்னை தோள்ல தூக்கிட்டு மெயின் ரோட்டுக்கு ஓடுனது இன்னும் ஞாபகம் இருக்கு. அதே அலைதான் இங்க மணல அரிச்சுட்டு போயி ஒரு பாறைல இருந்த கல்வெட்ட வெளிய காட்டிருக்கு. இங்க ஒரு சுப்ரமணியர் கோயில் இருந்துச்சுன்னு அதுல எழுதியிருக்கு. அத புடிச்சுகிட்டுதான் 2005ல இந்தியத் தொல்லியல் துறை தோண்ட ஆரம்பிச்சாங்க. மொதல்ல கெடச்சது பல்லவர் காலத்து கருங்கல் கோயிலோட மிச்சம், அதுக்கும் கீழ போனா முழுக்க செங்கல்.

அப்பா குழியோட ஓரத்துல குத்த வச்சு உக்காந்துட்டாரு. தொடக்கூடாதுன்னு கைய மேலயே விரிச்சு ஜாண் வச்சு பாத்தாரு. "நம்ம ஒம்பது இஞ்ச் கல்ல விட எவ்ளோ பெருசு பாரு, ஆனா தடிமன் கம்மிடா, தட்டையா அறுத்திருக்கான், அப்பதான் உள்ள வரைக்கும் நல்லா வேகும்"னாரு. அப்புறம் ஒவ்வொரு செங்கல் வரியா எண்ணிகிட்டே போனாரு, எங்க கல்லும் கல்லும் சேருது, எங்க மூலை திரும்புதுன்னு. பூம்புகார், உறையூர், அரிக்கமேடு இங்கல்லாம் கெடச்ச செங்கல் மாதிரியே இதுவும் இருக்கறதாலதான் சங்க காலம்னு சொல்றாங்கன்னு நான் படிச்சத சொன்னேன். கோயில் வடக்கு பாத்து இருக்கு, பின்னாடி வந்த கோயிலுங்க பெரும்பாலும் கெழக்கயோ மேற்கயோ பாக்கும், அதனால இது அந்த வழக்கம் கெட்டிப்படறதுக்கு முந்துன காலத்து கோயிலா இருக்கணும்னும் சொல்றாங்க.

பல்லவருங்க அந்த பழைய கருவறைய இடிச்சு எடுத்துப் போடல. உள்ள மணல நெரப்பி, மேல கருங்கல் பலகைய மூடி, அது மேல அவங்க கோயில கட்டிருக்காங்க. இத சொன்னதும் அப்பா முகமே மாறிடுச்சு. "நாமளும் பேஸ்மென்ட்ல அதத்தான்டா பண்றோம், மணல கொட்டி, தண்ணி விட்டு, திமுசுக்கட்டைல குத்தி கெட்டி பண்ணிட்டு மேல கட்டுவோம்ல, இங்கயும் ஒரு மேஸ்திரி நின்னு வேலை வாங்கியிருப்பான்"னு சொல்லிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல.

கல்வெட்டுங்கள்ல ராஜராஜ சோழன் காலத்துதும் இருக்கு. வெளக்கு எரியறதுக்கு வசந்தனார்னு ஒரு அம்மா 16 கழஞ்சு (அந்த காலத்துல பொன் எடை போடுற அளவு) பொன் குடுத்தாங்கன்னு ஒரு தூண்ல இருக்கு, எனக்கு ராஜாங்க பேர விட அந்த பேர்தான் மனசுல நின்னுச்சு.

வாசல் பக்கம் ஒரு கல்லு வேல் நிக்குது. யாரோ அதோட அடியில ரெண்டு செம்பருத்தி வச்சுட்டு போயிருந்தாங்க, வாடக்கூட இல்ல. அப்பா செருப்ப கழட்டிட்டு போயி கும்பிட்டு வந்தாரு. அப்புறம் மறுபடியும் குழிகிட்ட போயி, தென்மேற்கு மூலைல ஒரு வரிய மட்டும் இன்னொரு தடவ எண்ணிட்டுதான் பஸ் ஸ்டாப்புக்கு வந்தாரு.