பேஸ்மென்டில் ஒரு கண்ணாடி விளக்கு

கனடாவின் ஸ்காபரோவில் டிசம்பர் மாதம் பின்னேரம் 4.45க்கே இருட்டிவிடும் என்று விமானம் ஏறுமுன் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நாங்கள் வாடகைக்கு இருந்தது பேஸ்மென்டில். இருந்த ஒரேயொரு சன்னலும் பனிக்குள் புதைந்து கிடந்தது. நாலு வயது மகன் இரவில் பாத்ரூம் போக எழும்பினால் என்னையும் உலுப்பி எழுப்புவான். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் லைற்றின் வெள்ளை வெளிச்சத்தைக் கண்டால் இன்னும் பயந்தான்.

அயலில் இருந்த சமூக நிலையத்தில் வண்ணக் கண்ணாடி வகுப்பு நடந்தது. ஆங்கிலம் பேசிப் பழகலாம் என்றுதான் சேர்ந்தேன். பிறகு மகனுக்கு ஒரு இரவு விளக்குச் செய்வோம் என்று தொடங்கினேன்.

கண்ணாடியை 'வெட்டுகிறோம்' என்பது பேச்சுக்குத்தான். கையிலுள்ள சின்னச் சில்லால் ஒரே ஒரு கீறல் போட்டு, இரண்டு பக்கமும் பிடித்து முறிக்க வேண்டும். அதே கீறலில் சில்லு இரண்டாம் முறை ஓடினால் கண்ணாடி தன் எண்ணத்துக்கு உடையும். முறித்த துண்டுகளின் விளிம்பைத் தண்ணீர் ஓடும் கிரைண்டரில் தேய்த்து, சுற்றிவர மெல்லிய செப்பு நாடா ஒட்ட வேண்டும். துண்டுகளை இணைக்க உருக்கி விடும் ஈயப்பற்று (சோல்டர்) கண்ணாடியில் பிடிக்காது, செம்பில்தான் பிடிக்கும். ரேடியோ திருத்திய என் அப்பாவின் மேசையில் வரும் பிசின் மணத்தை எதிர்பார்த்தேன். பற்றவைக்கும்போது எழுந்த இந்தப் புகை வேறு, தொண்டையைக் கரகரக்க வைத்தது.

வகுப்பில் தந்த ஈயப்பற்றுக் கம்பியில் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம். மகன் தவழ்ந்து விளையாடும் வீட்டுக்குள் அதைக் கொண்டுவர மனம் வரவில்லை. ஈயமில்லாத கம்பி வாங்கினேன். அது உருகக் கூடுதல் சூடு வேண்டும். சோல்டரிங் அயனை ஓரிடத்தில் கொஞ்சம் கூடப் பிடித்துவிட்டேன், 'டிக்' என்று நீலத் துண்டு வெடித்தது. திரும்பவும் முதலிலிருந்து.

கடைசியில் ஒரு பூவரசம்பூ: மஞ்சள் இதழ் அஞ்சு, நடுவில் அரக்கு. கொழுவப் போனால் எங்கள் அறையின் பிளக் பொயின்ற் படுக்கையாக இருந்தது, பூவும் படுத்துவிட்டது! பிறகு திருப்பக்கூடிய பிளக் அடி வாங்கிப் பூட்டினேன். சூடு குறைய எல்ஈடி பல்ப்.

இவர் பார்த்துவிட்டு, "ஜாம் போத்தல் விளக்கு மாதிரிக் கிடக்கு" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1990இல் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்ற பிறகு சொட்டு மண்ணெண்ணெயில் எரிந்த அந்த விளக்கடியில் படித்தவள் நான். விடிய மூக்கைத் துடைத்தால் கரி வரும். அந்த விளக்கில் அழகு எங்கே இருந்தது?

மகன் இப்போது தனியே எழும்பிப் போகிறான். காலையில், "அம்மா, பூவை நூருங்கோ" என்பான். விளக்கை அணைப்பதற்கு எங்கள் ஊரில் சொல்லும் 'நூர்' என்ற சொல்லை அவன் பிடித்துக்கொண்டதில் எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

மேல்வீட்டு அன்ரி தனக்கும் ஒன்று கேட்டிருக்கிறா. மயில்தான் வேணுமாம். மயிலின் கழுத்தில் உள்வளைவு கனக்க, முறித்து எடுப்பதற்குள் கால்வாசிக் கண்ணாடி குப்பைக்குத்தான். "முருங்கையிலை எண்டால் சனிக்கிழமைக்குள்ள தாறன் அன்ரி" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.