கண்ணாடிய மட்டும் எடுத்துடு

"கண்ணாடிய மட்டும் எடுத்துடு தம்பி." எங்கள் இதழில் பிழை திருத்துகிறவர் சொன்னது இவ்வளவுதான். அந்தக் குரலில் கோபம் இருந்ததா என்று இன்றைக்கும் தேடிப் பார்க்கிறேன்.

அன்றாடம் பேசும் சொற்றொடர்களை அப்படியே படமாக்கும் தொடர் ஒன்றை அந்த இதழில் வரைந்துகொண்டிருந்தேன். காக்கா பிடிப்பதென்றால் வலையோடு காக்கையைத் துரத்தும் ஆள். தலையில் மிளகாய் அரைப்பதென்றால் வழுக்கைமேல் அம்மிக்குழவி. வரைவது கஷ்டமே இல்லை. ஆனால் பேசிப் பேசித் தேய்ந்த சொல்லுக்குள் கை, காது, வயிறு இருப்பதே நமக்கு மறந்துபோயிருக்கும். 'வயிற்றில் புளியைக் கரைக்கிறது' என்று சொல்கிறவர் புளியை நினைப்பதில்லை. படத்தில் புளியும் தெரிய வேண்டும், பயமும் தெரிய வேண்டும். புளி மட்டும் தெரிந்தால் அது சமையல் படம்.

அந்த வாரம் 'கைகழுவி விடுதல்'. குழாயடியில் இரண்டு பெரிய கைகள், சோப்பு நுரை, நுரையோடு வழுக்கித் துளைக்குள் போகும் ஏழு குட்டி மனிதர்கள். ஒருவருக்கு மூக்கு நுனியில் கண்ணாடி, காதில் சிவப்புப் பென்சில்.

பிழை திருத்தும் பிரிவை மூடப்போகிறார்கள் என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ப்ரூஃப் அவர் மேஜைக்குத்தான் போனது. நான் 'கை கழுவி' என்று பிரித்துப் போட்டிருந்தேன். இரண்டையும் சேர்த்து ஒரு வளைகோடு போட்டார். "பிரிச்சா வெறுமனே கை கழுவுறதுதான் தம்பி. சேர்த்தாதான் ஆளை விடுறது." பிறகுதான் கண்ணாடியைப் பற்றிச் சொன்னார்.

அவரை நினைத்து வரையவில்லை. சத்தியமாக இல்லை. ஆனால் ஏழு பேரில் அவருக்கு மட்டும் ஏன் அவ்வளவு துல்லியமான முகம்? தினமும் எதிரே பார்த்த முகம், கை தானாகப் போயிருக்கும். இல்லை, நடக்கவிருந்த அநியாயத்தை யாராவது பார்க்கட்டும் என்று எனக்குள்ளேயே ஓர் ஆசை இருந்ததோ? அப்படியென்றால் அவரிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

1559இல் பீட்டர் புரூகல் நெதர்லாந்துப் பழமொழிகள் நூற்றுக்கும் மேல் ஒரே ஓவியத்தில் தீட்டினார். பெர்லினில் இருக்கிறது. செங்கல் சுவரில் தலையை முட்டுகிறவன், கணவனுக்கு நீல அங்கி போர்த்துகிறவள், எல்லோரும் யாரோ ஓர் ஊரார். யாராகவும் இருக்கலாம் என்பதால் யாருக்கும் வலிக்காது என்று அந்த ஓவியத்தைக் காட்டி என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்தக் காலத்தில் ஒருவராவது அதில் தன்னைக் கண்டு நின்றிருக்க மாட்டாரா?

கண்ணாடியை அழித்தேன். முகம் சட்டென்று வெறுமையாகிவிட்டது. இன்னொரு முறை அவரைத் துடைத்த மாதிரி இருந்தது. பென்சிலைத் தொடவில்லை. அவர் சொல்லவில்லையே. இதழ் அப்படியே வந்தது, மாத முடிவில் அவர் போய்விட்டார்.

பென்சில் அவர் கண்ணில் படவில்லை என்று வைத்துக்கொள்ள முடியவில்லை. ஓர் ஒற்று விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிறவர் அவர்.