630 அடி எவர்சில்வர்

ஊரில் என்ன விசேஷம் என்று கேட்டால், "ஜூ ஃப்ரீ, ஆர்ட் மியூசியம் ஃப்ரீ, ஹிஸ்டரி மியூசியமும் ஃப்ரீ" என்கிறார் என் வீட்டுக்காரர் ரங்கமணி. வார இறுதிக்கு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் முடிவானது இப்படித்தான். மூன்றுமே ஃபாரஸ்ட் பார்க்கில், 1904 உலகக் கண்காட்சி நடந்த இடத்தில். காசு இல்லை என்றதும் மனுஷர் ஒரு பெங்குயினைக்கூட விடாமல் நலம் விசாரித்துவிட்டு வந்தார். கட்டணம் கட்டியது என் முட்டி.

சாப்பாடு மட்டும் ஃப்ரீ இல்லை. இத்தாலிக்காரர்கள் பேட்டையான 'தி ஹில்'லில் டோஸ்டட் ரவியோலி. பிரெட் தூளில் புரட்டி, எண்ணெயில் பொரித்து, தக்காளி சாஸோடு தருகிறார்கள். உள்ளே பெரும்பாலும் மாட்டுக்கறி என்பதால் சீஸ் வைத்ததுதானா என்று நான் மூன்றாம் முறை கேட்டபோது, பரிமாறிய பெண் கிட்டத்தட்ட சத்தியம் செய்தாள். நன்றாகவே இருந்தது. ஆனால் பீட்சாவில் போடும் அந்த ப்ரோவெல் சீஸ் இருக்கிறதே, மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு மறுநாள் பல் தேய்க்கும்வரை இறங்கவில்லை.

அப்புறம் ஊரின் பெரிய வளைவு, கேட்வே ஆர்ச். உயரம் 630 அடி, அகலமும் அதே 630 என்றார் ரங்கமணி. பார்த்தால் உயரம்தான் அதிகம் என்று சத்தியம் பண்ணலாம், நானும் பண்ணினேன். புல்வெளியில் நின்று சண்டை போட்டதில் வளைவின் உச்சிக்குப் போகும் டிராமுக்கு நேரமாகிவிட்டது. டிராம் என்றால் நாலடிக் கதவு வைத்த ஒரு உருண்டை, உள்ளே ஐந்து இருக்கை. எதிரில் ஒரு கூடைப்பந்து ஆசாமி. அவர் முட்டியும் என் முட்டியும் நாலு நிமிஷம் குசலம் பேசிக்கொண்டே மேலே போயின.

கீழே வந்ததும் கும்பகோணத்துக்கு வீடியோ கால். வெயிலில் பளபளத்த வளைவைப் பார்த்ததும் மாமியார் கேட்ட முதல் கேள்வி:

"எவர்சில்வரா?"

"ஆமாம்மா, மேலே முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்."

"பேர் வெட்டியிருக்கா?"

ரங்கமணி ஒரு கணம் விழித்துவிட்டு போனை அடிப்பக்கம் கொண்டுபோனார். கைக்கு எட்டிய உயரம்வரை யார் யாரோ சாவியாலும் ஆணியாலும் பேர் கீறி வைத்திருக்கிறார்கள். மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"ஒண்ணுலயும் இனிஷியல் இல்லையே. தேதி வேற போடல. நாளைக்கு மாறிப்போச்சுன்னா எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

இதை வரைந்த ஈரோ சாரினென் 1961-லேயே இறந்துவிட்டார், வளைவு முடிந்தது 1965-இல், அவர் பார்க்கவே இல்லை என்று ரங்கமணி பாடம் எடுத்தார்.

"அப்ப முதல்ல அவர் பேரைத்தானே வெட்டியிருக்கணும்? என்ன ஆளுங்கடா" என்றார் மாமியார். நிஜமாகவே வருத்தம். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"அது சரி, கல்யாணத்துக்கு அஞ்சு தூக்கு வெச்சுக் கொடுத்தேன். போன வாரம் உன் ஷெல்ஃப்ல நாலுதான் தெரிஞ்சுது?"

சிக்னல் போய்விட்டது என்று ரங்கமணி அணைத்துவிட்டார். சிக்னல் நன்றாகவே இருந்தது.

பொங்கல் பாட்லக்கில் மிச்சமான வத்தக்குழம்பை அந்தத் தூக்கோடு எடுத்துப்போன புண்ணியவதி இதைப் படித்தால்: அடியில் மாமனார் பேர் இருக்கும், இனிஷியலோடு. குழம்பு வேண்டாம். தூக்கு வந்தால் போதும், மூடியோடு.