துருவ நட்சத்திரம் தெரியாத மலையில் ஒரு நிமிடப் படம்

ஒருவழியாக 60 விநாடி எக்ஸ்போஷரில் நட்சத்திரங்கள் புள்ளியாகவே நின்றுவிட்டன! 135 மிமீ லென்ஸ், பலகையும் பிணைச்சலும் வைத்து நானே செய்த டிராக்கர் (வானம் நகரும் வேகத்துக்கே கமராவைத் திருப்பும் கருவி), இடம் இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம். டிராக்கர் இல்லாமல் இந்த லென்ஸில் இரண்டு மூன்று விநாடியிலேயே கோடு விழுந்துவிடும்.

பலகை வேலை பெரிய விஷயமில்லை. எம்6 போல்ட்டின் புரி இடைவெளி 1 மிமீ. நிமிடத்துக்கு ஒரு சுற்று என்றால் பிணைச்சலிலிருந்து போல்ட் வரை 228.6 மிமீ, அவ்வளவுதான். தலைவலி பிணைச்சலின் அச்சை, வானம் சுற்றும் மையமான வடதுருவத்துக்கு நேராக்குவதில். வெளிநாட்டு வீடியோக்களில் 'துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்புங்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நமக்கோ அட்சரேகை 7 பாகை. துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் நாலு விரல் உயரம்தான். அதையும் எதிரே இருக்கும் தேயிலை மலை மறைத்துக்கொள்கிறது. மலை விட்டாலும் பனிமூட்டம் விடாது. போன் திசைகாட்டி தகரக் கூரைப் பக்கம் போனால் நினைத்த இடத்தையெல்லாம் வடக்கு என்கிறது.

கைகொடுத்தது மின்டாகா என்ற நட்சத்திரம். ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடுப்புப்பட்டியில் உள்ள மூன்றில் மேற்கே இருப்பது. வான நடுக்கோட்டை (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர்மேலே வானில் ஓடும் கோடு) ஒட்டியே நகர்கிறது. அது உச்சிக்கு வரும்போது கமராவை நிமிர்த்தி, லைவ் வியூவில் (கமரா திரையின் நேரடிக் காட்சி) பத்து மடங்கு பெரிதாக்கி, டிராக்கரை ஓடவிட்டுப் பாருங்கள். தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே விலகியிருக்கிறது, மேற்கே தள்ள வேண்டும். வடக்கே நழுவினால் நேர்மாறு. கிழக்கு மேற்கு நகர்வைக் கண்டுகொள்ளாதீர்கள், அது மோட்டர் வேகத்தின் கோளாறு.

அச்சின் உயரத்தைச் சரிபார்க்கக் கிழக்கே தாழ்வாக ஒரு நட்சத்திரம் வேண்டும். ஜனவரியில் இருட்டும்போதே மின்டாகா மேலே ஏறிவிடுவதால் புரோசியன் என்ற நட்சத்திரத்தைப் பிடிக்கிறேன். அது தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது. முக்காலியின் வடக்குக் காலுக்கு அடியில் ஒரு அட்டைத் துண்டு, மறுபடி பார்வை, இன்னொரு துண்டு... முழங்கால் விறைத்துப்போகும். இதில் அவசரப்பட்டால் மற்றதெல்லாம் வீண்.

பிணைச்சல் வாங்குபவர்கள் ஆடாத நீளப் பிணைச்சலாகக் கேட்டு வாங்குங்கள். புறக்கோட்டையில் ஒருவர் 'துல்லியமாக ஒரு சுற்று' என்று சத்தியம் செய்து விற்ற மோட்டர், பேட்டரி இறங்க இறங்கத் தூங்கி வழிந்தது. இப்போது சிறு சிறு படிகளாகத் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டர்.

சரி, படத்துக்கு வருவோம். ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம் சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில். நடுவிலுள்ள நாலு இளம் நட்சத்திரங்களின் புற ஊதா ஒளியில்தான் சுற்றியுள்ள ஹைட்ரஜன் சிவப்பாக ஒளிர்கிறது. கமராவின் வடிகட்டி அந்தச் சிவப்பில் பெரும்பகுதியை விழுங்கிவிடுவதால் எனக்கு ரோஸ் நிறம்தான் கிடைத்தது. அடுத்த பிரேமில் திருவாதிரை, நல்ல ஆரஞ்சு. சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் செவ்வாயின் பாதையையும் தாண்டும் அளவுக்கு ஊதிப்போன கிழம். ஆனால் வயது ஒரு கோடி ஆண்டு அளவுதான். 460 கோடி ஆண்டான நம் சூரியன் இன்னும் நடுவயதில். எடை கூடக் கூட எரிபொருளைத் தீர்க்கும் வேகம் கூடிவிடுகிறது. 2019 கடைசியில் திருவாதிரை மங்கியபோது வெடிக்கப்போகிறது என்று கிளப்பிவிட்டார்கள். அது கக்கிய தூசி மறைத்ததுதான் காரணம்.

1054இல் சீனர்கள் பார்த்த நட்சத்திர வெடிப்பின் மிச்சமான நண்டு நெபுலாவையும் எடுத்தேன். லென்ஸில் படிந்த அழுக்கு மாதிரி இருக்கிறது. அதன் நடுவில் விநாடிக்கு 30 முறை சுழலும் நியூட்ரான் விண்மீன் இருப்பதாக இந்தப் படத்தை வைத்து யாரையும் நம்பவைக்க முடியாது.

இன்னும் ஓரியன் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கவே இல்லை, அதற்குள் மனம் ஈட்டா கரினாவுக்குப் போய்விட்டது. 1843இல் வானத்தின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரமாக எரிந்தது. ஐரோப்பாக்காரர்கள் அங்கிருந்து பார்க்கவே முடியாது, நமக்கு 23 பாகை உயரம் வரை வரும். மார்ச் கடைசியில், போயா (முழுநிலா) வெளிச்சம் இல்லாத இரவில். சிவனொளிபாதமலைப் படிக்கட்டு விளக்குகள் தென்மேற்கில் எரியும், ஆகவே அது தெற்கு உச்சியைத் தாண்டுமுன்பே எடுத்துவிட வேண்டும். அதற்குள் பனி படியாமல் லென்ஸைச் சூடாக்க ஒரு ரெசிஸ்டர் பட்டி, 5 வோல்ட் பவர் பேங்கில் ஓடுகிற மாதிரி.