கையை விடுங்கள், கோடு போடுங்கள்: 3 முதல் 6 வயதுக்கான சமநிலை விளையாட்டுகள்

குழந்தை திண்ணை ஓரத்தில் நடந்தால் “விழுந்துடப் போற, இறங்கு” என்று ஓடிப்போய்க் கையைப் பிடிக்கிறோம். பிடித்த நொடியில், அந்தச் சின்ன உடம்பு செய்துகொண்டிருந்த வேலை நின்றுபோகிறது. லேசாகச் சாய்வதும், சாய்ந்ததை உணர்ந்து நிமிர்வதும்தான் பயிற்சி. தள்ளாடாமல் யாருக்கும் சமநிலை வராது. நாம் செய்ய வேண்டியது, அந்தத் தள்ளாட்டத்தைத் தரைமட்டத்திலேயே, அடிபடாதபடி அமைத்துக் கொடுப்பது.

சமநிலைக்காக உடம்பு மூன்று இடங்களிலிருந்து சேதி வாங்குகிறது: உட்காது, கண், பிறகு பாதம் மூட்டு தசைகள். சின்ன வயதில் கண்ணை நம்புவது அதிகம். அதனால்தான் குனிந்து பாதத்தையே பார்த்து நடக்கும் பிள்ளை தடுமாறுகிறது. தலை முன்னால் சாய்ந்தால் உடம்பின் பாரமும் முன்னால் போகிறது. கோட்டின் மறுமுனையில் ஒரு பொம்மையைக் குழந்தையின் கண் உயரத்தில் வைத்து, “அதைப் பார்த்துக்கிட்டே வா” என்றால் பாதி தடுமாற்றம் குறையும். செருப்பும் சாக்ஸும் வேண்டாம். வெறுங்கால்தான் தரையைப் படிக்கும்.

முதல் மைதானம் வாசல்தான். பத்தடி நீளத்துக்கு, ஒரு சாண் இடைவெளியில் இரண்டு கோடுகள். அதற்குள் நடப்பது எளிதானதும் இடைவெளியை நாலு விரலாகக் குறையுங்கள். அடுத்தது ஒற்றைக் கோட்டில் அடிமேல் அடி: முன்காலின் குதிகால் பின்காலின் கட்டைவிரலைத் தொட வேண்டும். இது பெரும்பாலும் ஐந்து வயதையொட்டித்தான் சரியாக வரும். மூன்று வயதுக்காரரை இதற்கு வற்புறுத்த வேண்டாம். நேர்கோடு சலித்தால் சிக்குக்கோலம் போல வளைத்து, ஒன்றையொன்று வெட்டும்படி வரையுங்கள். இடமும் வலமும் திரும்பும்போது இரண்டு காலும் மாறி மாறிப் பாரம் தாங்கும். புள்ளிக்கோலமும் உதவும். மூன்றுக்கு மூன்று புள்ளி, ஒன்றரைச் சாண் இடைவெளி, புள்ளிக்குப் புள்ளி இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தல். முட்டி மடங்கி, சத்தமில்லாமல் பூனை போல இறங்க வேண்டும். ‘தொப்’பென்று கேட்டால் முட்டி விறைப்பாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை: வழவழப்பான சிமெண்டிலும் டைல்ஸிலும் கோலமாவு வழுக்கும். அங்கே சாக்பீஸ்தான் சரி. கோலமாவு மண்வாசலுக்கு. தெளித்த தண்ணீர் காய்ந்த பிறகு ஆரம்பியுங்கள்.

கொக்கு ஆட்டம் எல்லோருக்கும் தெரியும்: ஒற்றைக்காலில் நிற்பது. ஏறக்குறைய மூன்று வயதில் ஓரிரு நொடி, நாலில் நாலைந்து நொடி, ஐந்தில் பத்து நொடி வரை. மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற பிள்ளை சீக்கிரம் சாயும். அதனால் நிற்கும்போது எண்களை உரக்கச் சொல்ல வையுங்கள், மூச்சு தானாக ஓடும். பயப்படுகிற பிள்ளையின் கையை மேலே தூக்கிப் பிடிக்காதீர்கள், தோள் ஏறிப் பாரம் ஒரு பக்கமாக இழுபடும். சுவரை ஒரே ஒரு விரலால் தொடட்டும். அல்லது ஒரு துண்டின் ஒரு முனை உங்களிடம், மறு முனை பிள்ளையிடம். துணை இருக்கும், தாங்கல் இருக்காது.

இனி கொட்டாங்குச்சி நடை. கடையில் வாங்கும் எந்தப் பொருளையும்விட இதை மேலாகச் சொல்வேன். இரண்டு முற்றிய தேங்காயை நடுவில் உடைத்து, மூன்று கண் இருக்கும் பாதியை மட்டும் எடுங்கள். மெத்தென்ற கண்ணைத் திருப்புளியால் குத்தினால் ஓட்டை தயார். கீறல் விழுந்ததைத் தள்ளிவிடுங்கள். விளிம்பைச் சொரசொரப்பான தரையிலோ உப்புத்தாளிலோ தேய்த்து மழுக்குங்கள். நூல்கயிறு ஒன்றரை மீட்டர் போதும். நைலான் விரலிடுக்கை அறுக்கும். கயிற்றின் ஒரு முனையை ஒரு ஓட்டிலும் மறு முனையை மற்ற ஓட்டிலும் மேலிருந்து உள்ளே விட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் குச்சித் துண்டைச் சேர்த்து முடிச்சிடுங்கள், உருவிக்கொண்டு வராது. ஓட்டைக் கவிழ்த்து வைத்து, கயிறு கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் வர, பாதத்தின் நடுக்குழி ஓட்டின் மேல் பதிய நிற்க வேண்டும். கை இடுப்பு உயரத்தில். கயிறு நீளமானால் தொய்ந்து, கால் முன்னால் போகும், ஓடு பின்னால் நிற்கும், பிள்ளை குப்புற விழும். குட்டையானால் கூன் விழும். காலைத் தூக்கும்போதே அந்தப் பக்கத்துக் கையும் கயிற்றை இழுக்க வேண்டும், அதுதான் சூட்சுமம். முதல் இரண்டு நாள் நின்ற இடத்திலேயே மிதிக்கட்டும். மண்தரையில் மட்டும். நாலரை வயதுக்கு முன் அவசரப்பட வேண்டாம்.

தட்டாமாலை சுற்றுவது உட்காதுக்கான விளையாட்டு. உள்ளே இருக்கும் நீர், நாம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருப்பதால்தான் உலகம் சுற்றுகிறது. நம் வேலூர்ப் பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டை (மர அணிகலன்கள்) கட்டிய வேஷக்காரர் சுழன்றுவிட்டு அசையாமல் நிற்பதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். ஒரு பக்கம் ஐந்து சுற்று, நின்று கிறுகிறுப்பு அடங்கியதும் மறுபக்கம் ஐந்து. சாப்பிட்டவுடன் கூடாது. முகம் வெளுத்தாலோ குமட்டினாலோ அன்றைக்குப் போதும். வலிப்பு, காது நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் சுற்ற விடாதீர்கள்.

கல்லா மண்ணா ஆட்டத்தில் ‘கல்’லாக ஏறி நிற்க அரைச்சாண் உயரப் படி போதும்.

ஒரே சமயத்தில் ஒன்றை மட்டும் கடினமாக்குங்கள். கோட்டைக் குறுக்கினால் தலையில் சும்மாடு வைக்காதீர்கள். சும்மாடு வைத்த அன்று பழைய அகலக் கோடே இருக்கட்டும்.

மூன்று, நான்கு வயதுக்கு ஒரு நாளைக்கு 180 நிமிடம் உடல் அசைவு வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் ஓட்டம் என்பது 2019-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல். இந்த ஆட்டங்கள் பத்துப் பத்து நிமிடமாக அதற்குள் அடங்கிவிடும். வேலூர் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மொட்டைமாடித் தரை பிஞ்சுப் பாதத்தைச் சுட்டுவிடும். காலை ஏழரைக்குள் அல்லது மாலை ஐந்தரைக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பாலாற்று மணல் கிடைத்தால் நல்லது, ஒவ்வொரு அடியும் புதையும் மணலில் கணுக்கால் நன்றாக உழைக்கும். ஆனால் பள்ளமும் கண்ணாடிச் சில்லும் இருக்கிறதா என்று முதலில் நீங்கள் நடந்து பாருங்கள்.

ஐந்து வயது தாண்டியும் ஒற்றைக்காலில் மூன்று நொடி நிற்க முடியவில்லை, ஒரு பக்கக் காலையோ கையையோ ஒதுக்குகிறது, முன்பு செய்ததை இப்போது செய்ய முடியவில்லை என்றால், விளையாட்டை நிறுத்தாமலே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நடப்பதையும் படியேறுவதையும் போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். புது இடத்தில் பிள்ளைகள் அம்மா மடியை விட்டு இறங்க மாட்டார்கள்.