கட்டுரையை நடுவிலிருந்து படிக்கப் பழகிய கதை

டாக்டர் மேற்படிப்பு (பிஜி) முடித்து ஊரில் கிளினிக் வைத்த பிறகு எனக்குப் படிப்பு என்றால் சிஎம்இ எனப்படும் தொடர் மருத்துவக் கல்விதான். ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரம் என்று கணக்கு. ஹோட்டல் ஹாலில் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டு, சாப்பிட்டு வந்தால் கிரெடிட் ஏறிவிடும். மண்டையில் ஏதாவது ஏறியதா என்று யாரும் கேட்பதில்லை.

அப்புறம்தான் பக்கத்து ஊர் டாக்டர்கள் சிலரோடு சேர்ந்து மாதம் ஒரு ஞாயிறு, ஒரே ஒரு ஆய்வுக் கட்டுரை என்று உட்கார ஆரம்பித்தோம். மருத்துவக் கல்லூரியில், ஆய்வுக் கட்டுரைகளைக் கூடிப் படித்து அலசும் ஜர்னல் கிளப் நடத்திய மேடம் ஒருவர் வழிநடத்தினார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: கட்டுரையின் தொடக்கத்தில் இருக்கும் சுருக்கத்தைக் கடைசியில் படியுங்கள். யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள், எதை எப்படி அளந்தார்கள் என்ற பகுதிதான் முதலில்.

நாங்கள் எடுத்தது 2015-இல் வந்த ஸ்பிரிண்ட் ஆய்வு. சிஸ்டாலிக் பிபியை, அதாவது பிபியின் மேல் எண்ணை, 140-க்குக் கீழே வைத்தால் போதுமா, 120-க்குக் கீழே இறக்க வேண்டுமா என்பது கேள்வி. மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்றவை 25 சதவீதம் குறைந்தன என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த வரி.

மேடம் கால்குலேட்டரை எடுக்கச் சொன்னார். 140 குழுவில் 4,683 பேரில் 319 பேருக்குப் பாதிப்பு. 120 குழுவில் 4,678 பேரில் 243 பேருக்கு. அதாவது 6.8 சதவீதம் 5.2 ஆனது. அந்த 25 சதவீதம் என்பது ஏறக்குறைய இந்தக் குறைவுதான். மூன்று வருடத்துக்குச் சற்று அதிகமாக ஏறக்குறைய 61 பேருக்கு இப்படி வைத்தியம் பார்த்தால் ஒருவர் தப்புவார். நல்ல பலன்தான், ஆனால் 25 என்ற எண் காதில் விழும்போது இந்தப் படம் மனதில் வருவதில்லை. கூடவே மயக்கம், சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் 120 குழுவில்தான் அதிகம்.

அடுத்த பக்கம்தான் எங்களை உலுக்கியது. சுகர் உள்ளவர்களையும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. என் ஓபியில் பிபிக்கு வருகிறவர்களில் பலருக்குச் சுகரும் உண்டு. பிபி பார்த்த விதமும் வேறு: ஐந்து நிமிடம் உட்காரவைத்து, தானியங்கி மெஷினில் மூன்று முறை எடுத்து, சராசரி போட்டார்கள். பல இடங்களில் அறையில் ஆளே கிடையாது. எங்களிடமோ, பஸ்ஸிலிருந்து இறங்கிப் படியேறி வந்தவர் மருமகள் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கையில் பட்டை சுற்றுவோம். அவர்களுடைய 120-உம் எங்களுடைய 120-உம் ஒன்றல்ல.

"இப்படிப் பார்த்தா எந்த ஆய்வும் நமக்குப் பொருந்தாதே மேடம்?" என்று ஒருவர் கொதித்தார்.

"பொருந்தாதுன்னு சொல்லலை. உங்க பேஷண்ட் அதுல எங்கே இருக்கார்னு தேடுங்கங்கிறேன்."

தேடினோம். சுகர் உள்ள 4,733 பேரிடம் இதே இலக்குகளை வைத்துப் பார்த்த அக்கார்டு ஆய்வு 2010-லேயே வந்திருந்தது. பக்கவாதம் குறைந்தாலும் மொத்தப் பாதிப்பில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. சரி, சுகர்காரர்களுக்கு 120 வேண்டாம் என்று இருந்தோம். 2024-இல் சீனாவிலிருந்து பிப்ரோட் என்ற ஆய்வு வந்தது. சுகர் உள்ள 12,821 பேர். இதில் 120-க்குக் கீழே இறக்கியவர்களுக்குப் பலன் தெரிந்தது, தாழ்ந்த பிபியும் பொட்டாசியம் ஏறுவதும் கூடவே வந்தன. மறுபடியும் உட்கார்ந்தோம்.

இப்போது என் கிளினிக்கில் பிபி மெஷின் தனி மூலைக்குப் போய்விட்டது, பக்கத்தில் ஒரு நாற்காலி. சிஸ்டர் ஐந்து நிமிடம் பேசவிடாமல் உட்காரவைக்கிறார். வயதானவர்களுக்கு எழுந்து நிற்கவைத்தும் ஒருமுறை பார்க்கிறோம். கூட்டம் அதிகமான திங்கட்கிழமைகளில் இது நடப்பதில்லை. அன்று எடுத்த அளவை வைத்து மருந்தைக் கூட்டுவதும் இல்லை.