சீனியவரைக்காய் துவட்டல்: ஆறு தடவை செய்து பார்த்ததில் தேறியது

குளித்துவிட்டு வந்த பிள்ளையைப் பார்த்து ‘தலையை நல்லாத் துவட்டு’ என்கிறோமே, அந்தத் துவட்டுதான் இந்தத் துவட்டலும். ஈரம் போக வேண்டும். தேங்காய் போட்ட காய்க்கறியை மற்ற ஊர்களில் பொரியல் என்பார்கள். திருநெல்வேலிப் பக்கம் துவட்டல் என்கிற பெயரிலேயே பக்குவமும் இருக்கிறது. தேங்காய் விழும் நேரத்தில் சட்டியில் ஒரு கரண்டித் தண்ணீர் மிச்சம் இருந்தாலும் அது கூட்டாகிவிடும். ஆறு தடவையும் மாற்றி மாற்றிப் பார்த்தது பெரும்பாலும் இந்தத் தண்ணீர்க் கணக்கைத்தான்.

சீனியவரையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. கொத்தவரங்காய் என்று மற்ற இடங்களில் சொல்லும் அதே காய். புடலங்காயும் முட்டைக்கோசும் தாமாகவே தண்ணீர் விடும், தப்பு செய்தாலும் சமாளித்துக்கொள்ளலாம். சீனியவரை தண்ணீர் விடாது, சீக்கிரம் வேகாது, கொஞ்சம் கசக்கும், முற்றினால் நாராகும். இதில் கை படிந்தால் மற்ற காய்கள் எளிது.

ஒவ்வொரு தடவையும் மாறாமல் வைத்துக்கொண்ட அளவு இது. காய் 250 கிராம் (காம்பும் முனையும் நறுக்கியபின் 220 கிராம் நிற்கும்). தேங்காய்த் துருவல் 60 கிராம், அதாவது நடுத்தரத் தேங்காயில் அரை மூடி. சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) ஒன்பது, பூண்டு இரண்டு பல், சீரகம் அரை டீஸ்பூன், மிளகாய் வத்தல் மூன்று, மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், உப்பு 4 கிராம். தாளிக்கத் தேங்காய் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, கடுகு அரை டீஸ்பூன், உளுத்தம்பருப்பு ஒரு டீஸ்பூன், கறிவேப்பிலை ஒரு இணுக்கு. அடி கனத்த அலுமினியச் சீனிச்சட்டி (வாணலி), வாய் 24 செ.மீ. உப்பைக் கிராமில் சொல்வது கல்லுப்புக்காகத்தான். கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை நிற்காது.

காய் பொறுக்குவதில் பாதி வேலை முடிந்துவிடும். மகாராஜநகர் உழவர் சந்தையானாலும் டவுன் நயினார்குளம் மார்க்கெட்டானாலும், காலையில் குவியல் புதிதாக இருக்கும்போதே போய்விட வேண்டும். ஒரு காயை எடுத்து நடுவில் வளைத்தால் சட்டென்று ஒடிய வேண்டும். வளைந்து, மடிந்து, தோல் மட்டும் கீறி நின்றால் அது வாடல். விரல் நீளத்துக்குள், விதை மேடு தெரியாமல் பட்டையாக இருப்பது பிஞ்சு. வெளிச்சத்தில் பிடித்தால் விதை வரிசையாக முட்டிக்கொண்டு தெரிவது முற்றல். முற்றலில் நாரைவிடத் தொல்லை விதைதான். இதன் விதையிலிருந்து எடுக்கும் பிசின்தான் குவார் கம். ஐஸ்கிரீம் கெட்டியாக நிற்கவும் எண்ணெய்க் கிணறு தோண்டும் வேலைக்கும் போகிற சரக்கு. அதற்காகவே ராஜஸ்தானில் ஏக்கர் கணக்கில் பயிரிடுகிறார்கள். அந்தப் பிசின் கொஞ்சம் கரைந்தாலும் துவட்டல் உதிராமல் கொழகொழவென்று ஒட்டும்.

கழுவிவிட்டு நறுக்க வேண்டும், நறுக்கிவிட்டுக் கழுவக்கூடாது. பத்துக் காயை ஒன்றாகச் சேர்த்துப் பலகையில் தட்டி முனை சமமாக்கி, இரண்டு பக்கமும் நறுக்கித் தள்ளிவிட்டு, சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்கு வெட்டினால் போதும். அதைவிடப் பெரிதானால் உள்ளே வேகுமுன் வெளியே குழையும். ரொம்பப் பொடியாக நறுக்கினால் விதை தனியாக உதிர்ந்து, சட்டியில் தோல் ஒரு பக்கம் விதை ஒரு பக்கம் என்று கிடக்கும்.

முதல் தடவை: அரை லிட்டர் தண்ணீர் கொதிக்கவிட்டு, காயைப் போட்டு 12 நிமிடம் வேகவைத்து வடித்தது. காய் பதமாக வெந்திருந்தது, கசப்பும் குறைந்திருந்தது. ஆனால் வடித்த தண்ணீரைக் குடித்துப் பார்த்தால் காயின் ருசி அதில்தான் இருந்தது. 220 கிராம் போட்ட காய் வடித்தபின் 240 கிராமுக்குச் சற்று மேல் நின்றது. கூடிய எடை அத்தனையும் தண்ணீர். அதன்மேல் தேங்காயைப் போட்டுக் கிளறியதும் வெள்ளையாகப் பால் கசிந்து எல்லாம் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டது. உப்பை வடித்தபிறகு போட்டதால் காய்க்கு மேலே உப்பு, கடித்தால் உள்ளே சப்பென்று.

இரண்டாம் தடவை: குக்கரில் கால் டம்ளர் தண்ணீர், ஒரு விசில். நேரம் மிச்சம், மற்றபடி ஒன்றும் தேறவில்லை. ஓரங்கள் பிளந்து விதை வெளியே வந்து, பிசின் இறங்கி, நிறம் பழுத்த இலை மாதிரி ஆகிவிட்டது. ஆவி அடங்கும்வரை மூடியே இருப்பதுதான் காரணம். காயிலிருந்து ஆவியோடு போக வேண்டிய புளிப்பு அதே தண்ணீரில் திரும்பச் சொட்டும், பச்சை மங்கும். இந்தக் காய்க்குக் குக்கர் வேண்டாம்.

மூன்றாம் தடவை: தண்ணீர் ஊற்றாமல், எண்ணெயில் வதக்கி அவ்வப்போது கையால் தண்ணீர் தெளித்து மட்டும். 25 நிமிடம் ஆயிற்று. தோல் சுருங்கி அங்கங்கே கருகியது, உள்ளே நறநறவென்று பச்சை. முதலிலேயே தாளித்துவிட்டதால் உளுத்தம்பருப்பு கடைசியில் காபி நிறத்துக்குப் போய்க் கசந்தது. காயின் கசப்பும் அதோடு சேர்ந்துகொண்டது. வெண்டைக்காய்க்கு இது சரியான வழி, சீனியவரைக்கு ஆகாது.

நான்காம் தடவைதான் வழி பிடிபட்டது. சீனிச்சட்டியில் 100 மில்லி தண்ணீர் கொதித்ததும் உப்பு, மஞ்சள், அதன்பின் காய். தண்ணீர் காயை மூழ்கடிக்காது, பாதி உயரம்கூட வராது. அப்படித்தான் இருக்க வேண்டும். முதல் மூன்று நிமிடம் திறந்தே வைத்து நல்ல தீ. பிறகு மூடி, தீயைக் குறைத்து ஆறு நிமிடம், இடையில் ஒரு தடவை அடி மேலாகப் புரட்ட வேண்டும். பிறகு மறுபடி திறந்து தண்ணீர் வற்றவிடுவது, மூன்று நிமிடம். உப்பு முதலிலேயே போனதால் உள்வரை சார்ந்தது, காயும் மெத்தென்று வெந்தது.

இந்தக் கடைசி மூன்று நிமிடத்தில் சட்டியை விட்டு நகரக்கூடாது. முதலில் சளசளவென்று கொதிக்கும் சத்தம். தண்ணீர் குறையக் குறையச் சத்தம் சன்னமாகி, ஒரு கட்டத்தில் ‘சுர்’ என்று மாறும். அப்போது சட்டியைச் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் தண்ணீர் சேராது. இதோடு வற்றிவிட்டது என்று அவசரப்பட வேண்டாம். காயின் மேலே இன்னும் மினுமினுப்பு இருக்கும். இன்னும் ஒரு நிமிடம் கரண்டியால் புரட்டிக்கொண்டே இருந்தால் மினுமினுப்பு போய், துண்டுகள் ஒட்டாமல் தனித்தனியாக உருளும். பச்சை வாடை போய், அவித்த பயறு மாதிரி ஒரு மணம் எழும். துவட்டியாகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஐந்தாம் தடவை தண்ணீரையே மாற்றிப் பார்த்தது. ஒரே குவியல் காயை 110 கிராம் வீதம் இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்குத் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர், மற்றதற்கு போர் தண்ணீர், இரண்டுக்கும் 60 மில்லி, ஒரே அளவு உப்பு. ஆற்றுத் தண்ணீரில் 11 நிமிடத்தில் நகம் இறங்கியது. போர் தண்ணீரில் 16 நிமிடம், அதற்குள் இன்னும் இரண்டு கரண்டித் தண்ணீர் ஊற்ற வேண்டியதாயிற்று. வெந்த பிறகும் தோலில் ஒரு விறைப்பு இருந்தது. கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியம், காயைக் கட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற பொருளோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். பருப்பு வேகாமல் படுத்துவதும் இதே சங்கதிதான். வள்ளியூர், ராதாபுரம் பக்கம் உப்புத் தண்ணீர் உள்ள வீடுகளில் குடிக்கப் பிடித்துவைத்த தண்ணீரிலிருந்து அரை டம்ளர் எடுத்தால் போதும், இந்த வித்தியாசம் தீர்ந்துவிடும். புளிப்பும் இதே மாதிரிக் காயை இறுக்கும். ஆகவே துவட்டலில் தக்காளி போடுகிறவர்கள் காய் வெந்தபின் போட வேண்டும். சீனியவரைக்குத் தக்காளி தேவையே இல்லை என்பது என் கட்சி.

இனித் தேங்காய். நான்கு விதமாகப் பார்த்தாயிற்று. வெறும் துருவல் தூவினால் பார்க்க அழகு, ஆனால் சாதத்தில் பிசையும்போது காய் ஒரு பக்கம் தேங்காய் ஒரு பக்கம். மிக்சியில் தண்ணீர் விட்டு அரைத்தால் கூட்டு. மிக்சியில் தண்ணீர் விடாமல் ஓட்டினால், ஒரே மூச்சில் ஓட்டும்போது சூடேறி அடியில் மைபோல ஆகி எண்ணெய் பிரிகிறது. விட்டுவிட்டு மூன்று தட்டு, அவ்வளவுதான். அம்மியில் சதைத்ததே முதல் தரம். வத்தல் இரண்டும் சீரகமும் முதலில் பொடியாக நுணுக்கி, பூண்டும் உள்ளி மூன்றும் வைத்து ஒரு தட்டு, கடைசியில் தேங்காயை வைத்துக் குழவியை இரண்டு தடவை மட்டும் இழுக்க வேண்டும். தேங்காய் ஒன்றிரண்டாக நசுங்கி மிளகாய் நிறம் லேசாக ஏறியிருக்கும். கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விட்டால் உதிர வேண்டும். உள்ளி நசுங்கின ஈரமே இதற்குப் போதும்.

ஃபிரிட்ஜில் இருந்த தேங்காயை அப்படியே போட்டால் சட்டிச் சூடு இறங்கிப்போய் மறுபடி ஈரம் கோர்க்கிறது. அரைமணி நேரம் முன்னால் வெளியே எடுத்துவைத்தால் சரி. முற்றின தேங்காய்தான் வேண்டும். இளந்தேங்காயில் தண்ணீர்ச்சத்து கூடுதல், நசுக்கினாலே பால்.

தாளிப்பு கடைசியில் தனியாக, இரண்டாவது சட்டியில். முதலில் தாளித்து அதிலேயே காயை வேகவைத்தால் கடுகும் உளுந்தும் ஆவியில் ஊறிச் சவசவத்துப் போகும். எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, உளுந்து பொன்னிறம் ஆனதும் வத்தல் ஒன்றைக் கிள்ளிப் போட்டு, மீதி உள்ளி ஆறையும் அரிந்து கறிவேப்பிலையோடு வதக்கி, உள்ளி கண்ணாடி போல ஆனதும் துவட்டிய காயைக் கொட்டி, அதன்மேல் சதைத்த தேங்காயைப் போட வேண்டும். தேங்காய் எண்ணெய் புகையும்வரை காயவிடக்கூடாது. புகைந்தால் வரும் காறல் வாடை கறிவேப்பிலைக்கும் அடங்காது.

ஆறாம் தடவை மாற்றியது ஒன்றே ஒன்று, தேங்காய் அடுப்பில் இருக்கும் நேரம். தீயை அணைத்துவிட்டுப் போட்டால் உள்ளி, பூண்டின் பச்சை வாடை போகவில்லை. மூன்று நிமிடம் கிளறினால் தேங்காய் சுருங்கி, எண்ணெய் விட்டு, கொப்பரை வாடை வருகிறது. சிறு தீயில் ஒன்றரை நிமிடம், கை நிறுத்தாமல் புரட்டி, உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றியதில் தேங்காய் வெள்ளையாகவும் இனிப்பாகவும் நின்றது. இந்த இனிப்பே சீனியவரைக் கசப்பை அடக்கிவிடும், தனியாகச் சீனி போட வேண்டாம். சூடான சட்டியிலேயே மூடிவைத்தால் மூடியில் கோர்த்த நீர் திரும்ப உள்ளே விழும். இத்தனை நேரம் துவட்டியது அந்த ஒரு மூடியால் வீணாகும்.

செவ்வாய், வெள்ளி உள்ளி பூண்டு சேர்க்காத வீடுகளில் அதே அளவு சீரகம், வத்தல், தேங்காய் மட்டும் போதும். அதற்குத் தேங்காய் அடுப்பில் முக்கால் நிமிடம் இருந்தால் சரி, பச்சை வாடை போக வேண்டியது ஒன்றும் இல்லை. பாசிப்பருப்பு சேர்ப்பதானால் ஒரு மேசைக்கரண்டியைக் கால்மணி நேரம் ஊறவைத்து, காயோடு போட்டு, தண்ணீரை 40 மில்லி கூட்டிக்கொள்ள வேண்டும்.

மற்ற காய்களுக்கு இதே முறையில் தண்ணீர் மட்டும் மாறும். பீன்சுக்கு 80 மில்லி, அவரைக்காய்க்கு 50, கேரட்டுக்கு 40. முட்டைக்கோசுக்கும் புடலங்காய்க்கும் சொட்டும் வேண்டாம், மூடியும் வேண்டாம். வாழைக்காய் வேறு கணக்கு, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்குக் கட்டிக் கொடுப்பதானால் இன்னொன்று பார்க்க வேண்டும். கத்திரி வெயிலில் ஈரமான தேங்காய் நாலைந்து மணி நேரத்தில் நூல் விடும், முதலில் ஒரு புளிச்ச வாடை வரும். காலை எட்டு மணிக்குக் கட்டி ஒரு மணிக்குத் திறக்கிற டப்பாவுக்கு, சதைத்த தேங்காயை வெறும் சட்டியில் ஈரம் போகும்வரை வறுத்து, நிறம் மாறுமுன் நிறுத்திச் சேர்க்கலாம். ருசி கொஞ்சம் குறையும், கெடாது. டப்பாவை மூடுமுன் தட்டில் பரப்பிப் பத்து நிமிடம் ஆறவிட வேண்டும். புளிக்குழம்புச் சாதத்தோடு கட்டுவதானால் இரண்டையும் வேறு வேறு அடுக்கில் வைப்பது நல்லது, குழம்பின் ஈரம் துவட்டலில் ஏறாது.